அருள்பாண்டி அன்று சாப்பிட்டிருந்தான்

ரகுபதி கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அருள்பாண்டி மாலை போட்டிருந்தானாப்பா?"

"போட்டிருந்தான் சார்" என்றான் தளவாய்.

அவ்வளவுதான். அதில் பொய் என்று சுண்டுவிரல் அளவுகூட இல்லை. குலசை முத்தாரம்மனுக்கு மாலை போட்டு, தசராவுக்கு ஊருக்குப் போய்க் காளி வேஷம் கட்டுவதென்று நேர்ந்துகொண்டு, நாளைக்கு ஒருவேளைச் சோற்றோடு அருள்பாண்டி விரதம் இருந்தது கம்பெனியில் அவனோடு ஒரே லைனில் நின்ற எல்லோருக்கும் தெரியும். உண்மையைச் சொல்வதற்கு நாக்கு எதற்கு உலர வேண்டும்? ஆனால் உலர்ந்தது. ஏனென்றால் ரகுபதி அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குத் தளவாயும் பதில் சொல்லவில்லை. அந்த ஒருவேளைச் சோற்றை அன்று மத்தியானம் அருள்பாண்டி வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தான். தளவாய் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தான்.

ரகுபதி ஒரகடத்தில் அந்த போல்ட் கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவராக வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை, எல்லாம் நயமாகப் பேசியே முடிந்துவிடும்.

"சூடு எல்லாருக்கும்தானேப்பா? அத்தினி பேரு அங்க நின்னுகினு இருந்தாங்க. வுயுந்தது இவன் ஒருத்தன். வயித்தைக் காயப் போட்டா பின்ன இன்னா ஆவும்? சரி, நீ போய் ஒரு டீ சாப்டு" என்றார். தளவாய் போய் டீயும் குடித்தான். அதை நினைத்தால்தான் பிற்பாடு அவனுக்குத் தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

விஷயம் இதுதான். அருள்பாண்டி மயங்கி விழுந்தது வேலையில் நேர்ந்த விபத்து என்று ஆகிவிட்டால், அவன் வைத்தியத்துக்குக் கம்பெனி பொறுப்பு. அவன் எழுந்து வரும்வரை அவன் இடமும் அவனுக்கே. விரதத்தால் வந்த மயக்கம் என்றால் கான்ட்ராக்டர் நாளைக்கே வேறு ஆளை அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளலாம். தளவாயின் பெர்மனென்ட் ஆர்டர் அப்போது மேலே கையெழுத்துக்குப் போயிருந்தது. அந்த ஆர்டர் அவனுக்கு எதனால் வந்தது என்பதில்தான் வயிற்றெரிச்சலே இருக்கிறது.

கம்பெனி போல்ட்டில் பாதிக்கு மேல் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகிறது. பூமி சூடாவதைத் தடுக்க அங்கே ஒரு முடிவெடுத்தார்கள். நல்ல முடிவுதான். கடல் ஏறி வந்தால் முதலில் முங்கப்போவது தளவாயின் ஊர் மாதிரி கரையோரத்து ஊர்கள்தான், அதில் சண்டைக்கு இடமில்லை. இரும்புச் சாமான் செய்யும்போது எவ்வளவு கரிப்புகை போனதோ அதற்கு எல்லையிலேயே காசு கட்ட வேண்டும் என்பது சட்டம். போல்ட்டை வாங்குகிற கம்பெனி அதற்கும் ஒரு படி மேலே போய், எரியும் கேஸ், ஓடும் கரன்ட் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்போம், வருஷா வருஷம் புகை குறைந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டது. எப்படிக் குறைப்பது, அதற்கு யார் பணம் போடுவது என்பதை மட்டும் சொல்லவில்லை. போல்ட்டுக்கு ஒரு பைசா கூட்டித் தருகிறோம் என்ற பேச்சும் இல்லை.

அந்தப் பாரம் சசிரேகாவின் தலையில் விழுந்தது. அவள் எனர்ஜி இன்ஜினியர். வல்லக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், சொந்தப் படிப்பில் மேலே வந்தவள். அவள் ஒழுங்காகத்தான் யோசித்தாள். புகையில் பெரும்பங்கு கம்பியை உருக்கி இழுக்கும் மில்லிலேயே போய்விடுகிறது, அது இவர்கள் கைக்கு எட்டாது. அடுத்த பங்கு போல்ட்டைச் சுட்டுக் கெட்டிப்படுத்தும் உலை. அதைப் புதுப்பிக்க வேண்டும் என்றாள். கோடிக் கணக்கு என்றார்கள். கூரையில் சோலார் போடலாம் என்றாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். இப்படி மேலேயிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்ததில், செலவில்லாமல் கைவைக்கக் கூடியதாகக் கடைசியில் மிஞ்சியது காற்று.

உலையின் வாயில் போல்ட் வந்து கொட்டும் இடத்தில் ஆளுயரத்துக்கு நிற்கும் பெரிய ஃபேன்களுக்கு மேன்கூலர் என்று பெயர். அங்கே நிற்கிறவர்களுக்கு அதுதான் உயிர்த்துணை. கம்பெனியில் கைசன் என்று ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்கிறவர்களே சின்னச் சின்ன யோசனை சொல்லலாம். நன்றாயிருந்தால் போட்டோவைப் போர்டில் ஒட்டி ஒரு ஹாட்பாக்ஸும் கொடுப்பார்கள். அந்த லைனுக்கு டீம் லீடரான தளவாய் எழுதிப் போட்டான்: சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஆளே இல்லை, மேன்கூலர்கள் யாருக்காக ஓடுகின்றன? நிறுத்தலாமே. நல்ல யோசனைதானே? யாருக்கும் ஒரு சொட்டு வேர்வை கூடவில்லை. போட்டோ ஒட்டினார்கள், ஹாட்பாக்ஸ் வந்தது. அதில்தான் அவனும் அவன் ஊர்க்காரன் அருள்பாண்டியும் சேர்ந்து தங்கியிருந்த படப்பை ரூமில் தோசை அடுக்கி வைத்தார்கள்.

அதோடு நின்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஒரு வாரம் கழித்து சசிரேகா லைனுக்கே வந்தாள்.

"தளவாய், உங்க கைசன்லதான் நம்பர் நல்லா எறங்கிருக்கு. இன்னும் கொஞ்சம் இழுக்க முடியுமா? மேல ரொம்ப நெருக்குறாங்க."

பெர்மனென்ட் பற்றிப் பேச்சு நடப்பது தளவாய்க்குத் தெரியும். "டைமர் போட்டுரலாம் மேடம். கொஞ்ச நேரம் ஓடட்டும், கொஞ்ச நேரம் நிக்கட்டும்" என்றான்.

"ஆளுங்க எதுனா சொல்லுவாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க மேடம்."

அதுவும் உண்மைதான். இவன் பாவமெல்லாம் உண்மையைக் கொண்டே செய்தது. உலை வாயில் நிற்பவர்கள் எல்லோரும் கான்ட்ராக்ட் ஆட்கள், தெற்கேயிருந்து வந்து ரூமுக்கு நாலு பேராகக் கிடப்பவர்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. டைமரில் முதலில் ஓடும் நேரம் அதிகமாகவும் நிற்கும் நேரம் குறைவாகவும் இருந்தது. மாதம் போகப் போக அது தலைகீழானது. யார் திருப்பினார்கள் என்று தளவாய் கேட்கவில்லை. டைமர் பெட்டியின் சாவி டீம் லீடரான அவன் பையிலேயே இருந்தது.

புரட்டாசி மாதத்துப் புழுக்கம். அன்று அருள்பாண்டி தானே பொங்கிக் கொண்டுவந்த பச்சரிசிச் சோற்றையும் கத்தரிக்காய்க் குழம்பையும் வழித்து நக்கிச் சாப்பிட்டான். "ஒருவேளன்னாலும் ஒன்னய விடக் கூடத் தின்னுருவேம்ல" என்று சிரித்தான். திரும்பி வந்து உலை வாயில் நின்றான். மேன்கூலர்கள் நின்றிருந்தன. கொஞ்ச நேரத்தில் அவன் முகம் சிவந்து, வேர்வை நின்று போய், தோல் வெறுமனே காய்ந்து தெரிந்தது.

"ஏலே, காத்தைக் கொஞ்சம் விடுல. தலை என்னமோ செய்யுது."

தளவாயின் கை பைக்குப் போனது. சாவியைத் தொட்டுக்கூட விட்டது. ஐரோப்பாவிலிருந்து வாங்குகிறவர்கள் பார்க்க வரப்போகும் மாதம் அது. டைமரைத் திறந்தால் கம்ப்யூட்டரில் விழும், யார் திறந்தது என்று கேட்பார்கள்.

"இன்னும் செத்த நேரம்ல. தன்னால வந்துரும்" என்றான்.

காற்று தன்னால் வந்தது. வந்தபோது அருள்பாண்டி தரையில் கிடந்தான். பிதற்றிக்கொண்டிருந்தான், யாரையும் தெரியவில்லை. தண்ணீரை ஊற்றி, தூக்கி, ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அரசு ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்த டாக்டர், சூடு உள்ளே இறங்கிவிட்டது, கிட்னி இரண்டும் அடிபட்டிருக்கிறது, உயிருக்குப் பயமில்லை, ஆனால் பழையபடி ஆக நாளாகும், ஆகாமலும் போகலாம் என்றார். அதற்குள் ரகுபதி தன் கேள்வியைக் கேட்டு, பதிலையும் வாங்கிக்கொண்டிருந்தார். அருள்பாண்டியின் அம்மாவுக்கு போன் போட்டதும் அவர்தான். அவர் குரலில் அத்தனை அனுதாபம்.

ஐரோப்பாவிலிருந்து பார்க்க வரவேண்டியவர்கள் வந்தார்கள். அன்று காலையிலிருந்தே மேன்கூலர்கள் அத்தனையும் ஓடின. வெள்ளைக்காரர்களுக்கு வேர்க்கக் கூடாதே! லைனில் நின்றவர்களுக்குத் தீபாவளி. காற்றில் சட்டை படபடக்க நின்று, காற்றை நிறுத்தி மிச்சம் பிடித்த கதையைத் தளவாய் சொன்னான், சசிரேகா அதை இங்கிலீஷில் சொன்னாள். வந்திருந்த வெள்ளைக்கார அம்மாள் கெட்டிக்காரியாகத்தான் தெரிந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதனால் இங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சிரமம் ஏதாவது வந்ததா என்று கேட்டாள்.

சசிரேகா அதைத் தமிழில் கேட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அவன் சொல்லிவிட்டால் நல்லது என்று நினைத்தாளா, சொல்லாவிட்டால் நல்லது என்று நினைத்தாளா, அவனுக்குப் புரியவில்லை. அவளுக்கே புரிந்திருக்காது.

"ஒண்ணும் இல்ல மேடம்" என்றான்.

அவர்கள் போனதும் சசிரேகா அவனிடம் வந்தாள். "இன்னும் இழுக்க முடியுமான்னு நானும் கேட்டிருக்கக் கூடாது அன்னிக்கு. நான் கேக்காம இருந்திருந்தா..." என்று தொடங்கியவள் முடிக்காமல் போய்விட்டாள். மேன்கூலர்கள் மறுபடி டைமருக்குப் போயின. மாலை போட்டிருந்தான் என்று தான் சொன்ன அந்த உண்மை மட்டும் ஏன் இவ்வளவு கனக்கிறது என்று தளவாய் ராவெல்லாம் புரண்டான். பக்கத்துப் பாய் காலியாக இருந்தது. கொடியில் அருள்பாண்டியின் விரதச் சிவப்பு வேட்டி காய்ந்துகொண்டிருந்தது.

அருள்பாண்டியின் அம்மா செல்லக்கனி ஆறுமுகநேரிப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து, அவன் விழுந்த மறுநாளே வந்து சேர்ந்திருந்தாள். உப்பளத்துக்காரி, ஊர் முறையில் தளவாய்க்குச் சித்தி. வெயிலில் சுருங்கின முகம், உப்பில் வெடித்த பாதம். ஆஸ்பத்திரியில், அன்று நடந்தது எதுவும் நினைவில்லாமல் கிடந்த மகன் பக்கத்தில் இரண்டு வாரம் இருந்துவிட்டு, கண் துடைத்த கையோடு, "மொதலாளியப் பாக்கணும், கூட்டிட்டுப் போய்யா" என்று தளவாயிடம் வந்து நின்றாள். நியாயம் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று அவன் நினைத்தான். பயமாகவும் இருந்தது, ஏதோ ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. இவள் வாயைத் திறந்து கேட்டுவிட்டால் தன் தொண்டையில் கிடக்கும் முள்ளும் வெளியே வந்துவிடும் என்று நம்பினான்.

ரகுபதியின் அறையில் நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள்.

"என் மவன் செஞ்சது தப்புதான்யா. வேலைக்குன்னு வந்த பெறவு வேலையத்தான் பாக்கணும். அவன் பேருல நேந்துக்கிட்டது நாந்தான். அவனுக்கு இங்க வேலை நெலைக்கணும்னு சொல்லி நாந்தான் மாலை போடச் சொன்னேன். ஒங்களுக்கு எவ்வளவு எடஞ்சலு. எங்கள மன்னிச்சிருங்கய்யா."

"அட, இன்னாம்மா நீங்க. நடந்தது நடந்து போச்சு. கம்பெனி ஒண்ணும் நெனச்சிக்கல" என்றார் ரகுபதி.

கம்பெனி மன்னித்துவிட்டது! எவ்வளவு பெரிய மனசு.  கும்பிட்ட அந்தக் கைகளைத் தளவாயால் பார்க்க முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. வேலை போனால் போகட்டும், ஊரில் போய் உப்பு அள்ளிக்கொள்ளலாம் என்று ஒரு நொடியில் தோன்றியது. தோன்றியதும் வாய் திறந்துகொண்டது.

"சித்தி, அவன் அன்னைக்குச் சாப்பிட்டான்."

ரகுபதி நிமிர்ந்தார்.

"வயிறு நெறையச் சாப்பிட்டான். நான் பக்கத்துல இருந்தேன். விரதத்தால அவன் விழல சித்தி. காத்தை நிறுத்தி வச்சிருந்தோம். நிறுத்தலாம்னு யோசனை சொன்னது நான். காத்தை விடுலன்னு என்கிட்ட கேட்டான். சாவி என்கிட்டதான் இருந்துச்சு. நான் விடல."

சொல்லி முடித்துவிட்டு அவள் கையைப் பார்த்தான். அறைவாள் என்று எதிர்பார்த்தான். அறைந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட எதிர்பார்த்தான். செல்லக்கனி கிட்டே வந்து, வெடித்த கையால் அவன் கன்னத்தைத் தடவினாள்.

"எனக்காவப் பொய் சொல்லாதய்யா."

"பொய் இல்ல சித்தி! நெசமாத்தான்..."

"காத்தில்லாமயா மனுசன் விழுவான்? நான் வயசுக்கு வந்த வருசம் அளத்துல எறங்குனவ. எந்த அளத்துல யய்யா ஃபேன் சுத்துது? எம்புட்டு வெயிலு. ஒரு நாளு விழுந்திருக்கேனா நானு? அவன் என் வயித்துப் புள்ள, அவன் மட்டும் விழுந்துருவானாக்கும்." அவள் தலையை ஆட்டினாள். "மாலை போட்டிருந்தாம்னு நீதான் சொன்னியாம், சார் போன்ல சொன்னாவ. அப்பமே தெரிஞ்சுக்கிட்டேன். தளவாய் சொன்னா நெசமாத்தான் இருக்கும், சின்னப் புள்ளையிலருந்து பாக்கேம்லா ஒன்னய. இப்பம் இந்தக் கெழவி மனசு ஆறணும்னு பழிய ஒன் தலையில தூக்கிப் போடுத. வேண்டாம்யா. விரதத்துல எங்கயோ சுத்தம் தப்பிருக்கும். அம்மன்ட்ட நான் பேசிக்கிடுதேன். நீ சுமக்காத."

தளவாய் ரகுபதியைப் பார்த்தான். அவராவது கோபப்பட வேண்டும். என்னடா உளறுகிறாய் என்று மேஜையைத் தட்ட வேண்டும். ரகுபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஃப்ரெண்டு இல்லையாம்மா. மனசு தாங்கல பையனுக்கு" என்றார். செல்லக்கனி ஆமாம் என்று தலையசைத்தாள்.

அவள் முன்னால் நடக்க, பின்னால் போன தளவாயை ரகுபதி கதவருகே நிறுத்தினார். "ஆர்டர் கையெயுத்தாயி வந்துட்ச்சுப்பா. சாயங்காலம் வந்து வாங்கிக்க" என்றார். குரலில் மிரட்டல் இல்லை, கிண்டல் இல்லை. அவன் சொன்ன உண்மைக்கு அவன் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. யாரும் நம்பாத உண்மைக்கு யார் விலை கேட்பார்கள்?

கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோவுக்கு நின்றார்கள். ஷிஃப்ட் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. இன்னொரு தரம் சொல்லிப் பார்க்கலாம் என்று தளவாய் வாயெடுத்தான். மூன்றாம் தரம், நான்காம் தரம் சொன்னாலும் இவள் தன்னை இன்னும் நல்லவனாகத்தான் நினைப்பாள் என்று தெரிந்ததும் வார்த்தை உள்ளேயே போய்விட்டது. இரண்டு வாரத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது அது. அன்றைக்கு அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. டாக்டரிடம் சொல்லியிருக்கலாம், வந்த வெள்ளைக்கார அம்மாளிடம் சொல்லியிருக்கலாம், டீ குடிக்கப் போகாமல் அந்த அறையிலேயே சொல்லியிருக்கலாம்.

ஆட்டோ வந்தது. செல்லக்கனி ஏறி உட்கார்ந்தவள் என்ன நினைத்தாளோ, குனிந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் எந்திச்சி வந்ததும் அதே எடத்துலயே சேத்துக்கிடச் சொல்லு. வேற எங்கயும் போட்டுரப்பிடாது. ஒன் கண்ணு முன்னால நின்னாத்தான் எனக்குத் தைரியமா இருக்கும். சொல்லுவியாய்யா?"

ஆட்டோக்காரன் ஹாரனை அடித்தான். அவள் கையை விடவில்லை.

"சொல்லுதேன் சித்தி" என்றான் தளவாய்.

அவள் முகம் தெளிந்தது. வந்ததிலிருந்து அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.